இருட்டில் நீர்மூழ்கி வேட்டை: ரேடார் காட்டிய பிறகு எதை நம்புவது?

இரண்டாம் உலகப் போரின் அட்லாண்டிக் கடற்போரைப் படிக்கத் தொடங்குபவர்கள் ஓரிடத்தில் தவறாமல் மாட்டிக்கொள்கிறார்கள். விவாதப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள், 1942-ஐ மேசை விளையாட்டில் திரும்ப ஆடிப் பார்ப்பவர்கள், விமான வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான். விமானத்தில் ரேடார் வந்துவிட்ட பிறகும் இரவில் நீர்மூழ்கியைத் தாக்க பிரிட்டன் ஏன் அவ்வளவு திணறியது? வெளிச்சக் குண்டு, டர்பின்லைட், லீ விளக்கு, பத்து சென்டிமீட்டர் ரேடார் என்று இத்தனை வழிகள் இருந்தபோது எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?

இதில் இரண்டு முடிவுகள் கலந்து கிடப்பதால்தான் குழப்பம். எந்த வெளிச்சம் என்பது ஒன்று, எந்த ரேடார் என்பது இன்னொன்று. தனித்தனியாக எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் தெளிவான பதில் உண்டு.

களம் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே உள்ள பிஸ்கே விரிகுடா. 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்ததும் பிரெஸ்ட், லோரியான், சாந் நசேர், லா பலிஸ், போர்தோ துறைமுகங்கள் யு-போட் எனப்படும் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் வீடாகிவிட்டன. அட்லாண்டிக்குக்குப் போகும் யு-போட்டும் சரி, திரும்பி வரும் யு-போட்டும் சரி, இந்த விரிகுடாவைக் கடந்தாக வேண்டும். அந்தக் கால நீர்மூழ்கி தண்ணீருக்கு மேலே மணிக்குப் பதினேழு கடல் மைல் ஓடும். உள்ளே போய்விட்டால் பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டு நடை வேகத்தில்தான் நகர முடியும். தினமும் சில மணி நேரம் மேலே வந்து டீசல் இன்ஜினை ஓட்டி பேட்டரியை சார்ஜ் செய்யாமல் முடியாது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நேரம் இரவு. 1942 கோடை வரை விமானத்தைப் பற்றிய பயம் பெரிதாக இல்லாமல் அவர்களால் அப்படிப் போய்வர முடிந்தது.

## முதலில் அளவுகோல்கள்

எதை எதோடு ஒப்பிட்டாலும் நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவதும் முக்கியமானதும் கடைசி மைல். 1942-ல் புழக்கத்தில் இருந்த, விமானத்திலிருந்து கடலில் உள்ள கப்பல்களைத் தேடும் ஏ.எஸ்.வி. மார்க் 2 ரேடாரின் அலைநீளம் சுமார் 1.7 மீட்டர். தூரத்தில் இருக்கும் நீர்மூழ்கியை அது காட்டிக்கொடுக்கும். நெருங்க நெருங்க, கடல் அலைகளிலிருந்து திரும்பி வரும் எதிரொலி திரையின் அடிப்பகுதியை நிறைத்துவிடும். ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் நீர்மூழ்கியின் புள்ளி அந்தக் குப்பைக்குள் காணாமல் போகும். மணிக்கு 150 மைல் வேகத்தில் போகும் விமானத்துக்கு ஒரு மைல் என்பது 24 நொடி. உஷாரான யு-போட் குழுவினர் அவசரமாக முங்க எடுத்துக்கொண்டதும் சுமார் அரை நிமிடம்தான். கதை முழுக்க இந்த 24 நொடிக்குள் நடக்கிறது.

இரண்டாவது, எதிரிக்கு முன்கூட்டியே தெரியுமா என்பது. ரேடார் அலையை அனுப்புகிறது. சரியான ரிசீவர் இருந்தால் எவரும் அதைக் கேட்கலாம்.

மூன்றாவது, விமானம் அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறது: துப்பாக்கியா, எரிபொருளா, குண்டா?

நான்காவது, எப்போது கைக்குக் கிடைக்கும்? போரில் அடுத்த வருடம் வரும் சிறந்த கருவியை விட இந்த மாதம் வரும் சுமாரான கருவி பல நேரம் மேல்.

ஐந்தாவதைப் பெரும்பாலான ஒப்பீடுகள் விட்டுவிடுகின்றன. மூழ்கடிக்காவிட்டாலும் பயன் உண்டா? நீர்மூழ்கியை நீருக்கு அடியிலேயே இருக்க வைத்தாலே விரிகுடாவைக் கடக்க அதற்கு நாள்கள் கூடும், வேட்டையாடும் கடலில் இருக்கும் நாள்கள் குறையும். மூழ்கிய எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் தவறான பதில்தான் வரும்.

## வழி 1: ரேடாரும் நிலவும்

செலவே இல்லாத வழி இது. ரேடாரில் புள்ளி தெரிந்ததும், நிலா நீர்மூழ்கிக்கு அந்தப் பக்கம் இருக்கும்படி விமானத்தைச் சுற்றிக் கொண்டுவருவது. தண்ணீரில் விழும் நிலா வெளிச்சத்தில் நீர்மூழ்கி கறுப்பாகத் தெரியும். விமானமோ இருண்ட பக்கத்திலிருந்து வரும். எதையும் பொருத்த வேண்டாம், எடை கூடாது, கடைசி நொடி வரை எதிரிக்கு எந்த வெளிச்சமும் தெரியாது.

வாய்த்தால் இது எவ்வளவு பலமானது என்பதற்கு 1944 ஜூன் 7-8 இரவே சாட்சி. பிரிட்டிஷ் விமானப்படையின் 224-வது ஸ்குவாட்ரனை (விமானப் பிரிவை) சேர்ந்த கனடா நாட்டு விமானி கென்னத் மூர் ஓட்டிய லிபரேட்டர், ரேடார் காட்டிய வழியில் போய், நிலவொளியில் நீர்மூழ்கியைக் கண்ணாலேயே பார்த்து, விளக்கைப் போடாமலே தாக்கியது. 22 நிமிட இடைவெளியில் இரண்டு யு-போட்களை மூழ்கடித்தார்கள். அவர்கள் விமானத்தில் லீ விளக்கு (வழி 4) இருந்தது. தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இதன் விலை நாள்காட்டியில் இருக்கிறது. பிஸ்கேயில் மேகம் இல்லாத, நிலா சரியான உயரத்தில் நிற்கும் இரவுகள் மாதத்தில் எத்தனை கிடைக்கும்? மற்ற இரவுகள் எல்லாம் நீர்மூழ்கிக்குச் சொந்தம். எதிரியும் இதே நாள்காட்டியைப் பார்ப்பான். இதை உபரியாக வைத்துக்கொள்ளலாம், அடிப்படைத் திட்டமாக வைக்க முடியாது.

## வழி 2: பாராசூட் வெளிச்சக் குண்டு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மேலிருந்து வெளிச்சக் குண்டைப் போட்டுவிட்டுக் கீழே பார்ப்பது. கருவி ஏற்கெனவே கிடங்கில் இருக்கிறது, எந்த விமானத்திலும் ஏற்றலாம், பயிற்சியும் எளிது.

ஆனால் கடைசி மைல் சோதனையில் இது தோற்றுவிடுகிறது. பாராசூட் விரிந்து குண்டு எரிய உயரம் வேண்டும். நீருக்கு அடியில் வெடிக்கும் ஆழ்நீர்க் குண்டு போட விமானம் கடல் மட்டத்திலிருந்து ஐம்பது அடி, நூறு அடிக்கு இறங்க வேண்டும். மேலே வெளிச்சம் போட்டுவிட்டுத் திரும்பிக் கீழே இறங்குவதற்குள் அரை நிமிடம் போய்விடும், நீர்மூழ்கியும் போய்விடும். போதாக்குறைக்கு அந்த வெளிச்சம் விமானியின் கண்ணையும் கூச வைக்கும். இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கெட்டுவிட்டால் பழையபடி ஆகப் பல நிமிடம் பிடிக்கும்.

மெதுவான விமானத்துக்கு நிலைமை கொஞ்சம் தளர்வு. 1941 டிசம்பர் 21 அன்று ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பிய ஸ்வார்ட்ஃபிஷ், ஏ.எஸ்.வி. ரேடார் பொருத்திய இரட்டை இறக்கை விமானம், டாஞ்சியருக்கு அருகே யு-451-ஐ மூழ்கடித்தது. விமானம் இரவில் மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி அதுதான். நீர்மூழ்கியில் இருந்தவர்களில் ஒருவர்தான் பிழைத்தார். அந்த வெற்றிக்கு இடமும் உதவியது. ஜிப்ரால்டர் நீரிணை குறுகியது, நீர்மூழ்கி எங்கே வரும் என்பது ஏறக்குறையத் தெரியும். நூற்றுக்கணக்கான மைல் விரிந்த பிஸ்கேயில் அந்த வசதி இல்லை.

குறுகிய நீரிணை, மெதுவான விமானம், கையில் வேறு எதுவும் இல்லை என்றால் இந்த வழி. பிஸ்கேவுக்கு வேண்டாம்.

## வழி 3: டர்பின்லைட்

வில்லியம் ஹெல்மோர் இதை வடிவமைத்தது நீர்மூழ்கிக்காக அல்ல, இரவில் வரும் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களுக்காக. ஹேவக் விமானத்தின் மூக்கில் மாபெரும் தேடுவிளக்கு, குண்டு வைக்கும் அறை முழுக்க பேட்டரி. அந்த விமானம் ரேடாரால் எதிரியைத் தேடிப் பிடித்து விளக்கைப் போடும், கூடவே பறந்து வரும் ஹரிக்கேன் போர் விமானம் சுட வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் கவர்ச்சியான வழிதான். விளக்குகளில் இதுவே மிகப் பிரகாசமானது. ஆனால் கடலில் பிரகாசமே இதன் குறையாகிவிட்டது. விளக்கும் விமானியின் கண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஈரக் காற்றிலும் மூடுபனியிலும் பட்டுத் திரும்பும் ஒளி நேராக விமானியின் கண்ணுக்கே வரும். ஊட்டி மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் ஹை பீம் போட்டவர்களுக்கு இது தெரியும், சாலை மறைந்து வெள்ளைச் சுவர் ஒன்று எதிரே நிற்கும். மேலும், விளக்கைத் திருப்ப முடியாது. ஒளி எங்கே விழ வேண்டுமோ அங்கே விமானத்தையே திருப்ப வேண்டும், அதுவும் இருட்டில், கடலுக்கு மிக அருகில்.

மறைமுகச் செலவு இன்னும் பெரிது. பேட்டரி குண்டு அறையை நிரப்பிவிட்டதால் விளக்கு விமானம் தாக்க முடியாது. பிஸ்கேயின் நடுவே பல மணி நேரம் ஒரு ஹரிக்கேன் கூடவே பறக்கவும் முடியாது. ஹேவக்கும் நெடுந்தூரம் போகும் விமானமல்ல.

இவ்வளவு தெளிவாக இருந்தும் இதைத் தேர்ந்தெடுக்கப் போனார்கள். 1941 ஜூனில், பிரிட்டிஷ் விமானப்படையின் கடல் ரோந்துப் பிரிவான கோஸ்டல் கமாண்டின் தலைவராக வந்த சர் பிலிப் ஜூபேர், டர்பின்லைட் திட்டத்தோடு முன்பே தொடர்புடையவர். கடலுக்கும் அதுவே போதும் என்று நினைத்து, அப்போது வளர்ந்துகொண்டிருந்த லீ விளக்கை நிறுத்திவைத்தார். இரண்டு மாதத்தில் தன் முடிவு தவறு என்று உணர்ந்து மாற்றிக்கொண்டார், பின்னர் அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவும் செய்தார். தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட திட்டத்தை இரண்டே மாதத்தில் கைவிடும் தளபதிகள் அபூர்வம். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆகாயத்திலும் டர்பின்லைட் எடுபடவில்லை, 1943 ஜனவரியில் அந்த ஸ்குவாட்ரன்கள் கலைக்கப்பட்டன.

## வழி 4: லீ விளக்கு

ஹம்ஃப்ரி டி வெர்ட் லீ ஆராய்ச்சியாளர் அல்ல. கோஸ்டல் கமாண்ட் தலைமையகத்தில் ஆட்கள் நியமனத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி. முதல் உலகப் போரில் நீர்மூழ்கி ரோந்து பறந்தவர் என்பதால், திரும்பி வந்த விமானிகள் சொன்னதைக் கேட்டதுமே பிரச்சினை எங்கே என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ரேடார் கொண்டுபோய் விடும் இடத்துக்கும் கண் பார்க்கும் இடத்துக்கும் நடுவே ஒரு மைல் இடைவெளி, அதை நிரப்ப வேண்டும். 1940 கடைசியில் யோசனையை எழுதிக் கொடுத்தார். அப்போதைய தலைவர் சர் ஃபிரெடரிக் போஹில் ஆதரித்தார்.

அவருடைய வடிவமைப்பை அருகில் போய்ப் பார்க்க வேண்டும், நல்ல பொறியியல் என்றால் என்ன என்று காட்டும் வேலை அது. வெலிங்டன் விமானத்தின் வயிற்றில் கீழ்நோக்கி இறங்கும் துப்பாக்கிக் கூண்டுக்கு ஓர் இடம் இருந்தது. அதில் 24 அங்குலக் கடற்படைத் தேடுவிளக்கைப் பொருத்தினார். தேவையில்லாதபோது உள்ளே இழுத்துக்கொள்ளலாம், எனவே காற்றுத் தடை இல்லை. விளக்கை இயக்குபவரை விமானத்தின் மூக்கில் உட்காரவைத்தார். ஒளி புறப்படும் இடமும் பார்க்கும் கண்ணும் தள்ளி இருந்ததால் கூச்சம் குறைந்தது. விளக்கை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பலாம், விமானியோ நேராகப் பறந்தால் போதும். காந்தக் கண்ணிவெடிகளை வெடிக்க வைக்கப் பயன்பட்ட வெலிங்டன்களில் தனி இன்ஜினும் ஜெனரேட்டரும் இருந்ததால் முதலில் அதிலிருந்தே மின்சாரம் எடுத்தார். ஒரு தாக்குதலுக்கு விளக்கு எரிவது அரை நிமிடம்தானே என்று கணக்குப் போட்டு, அப்புறம் அதைத் தூக்கிவிட்டுச் சாதாரண பேட்டரிகளுக்கு மாறினார். பேட்டரியைப் பறக்கும்போதே சார்ஜ் செய்துகொள்ளலாம். விமானத்தில் குண்டுக்கும் எரிபொருளுக்கும் இடம் மிச்சமானது.

1941 மே மாதம் எச்-31 என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியை வைத்து நடந்த இரவுச் சோதனை வெற்றி. அதன் பிறகும் டர்பின்லைட் குழப்பம் சில மாதங்களைத் தின்றது. 1942 ஏப்ரலில் டெவனில் இருக்கும் சிவெனர் தளத்தில் 172-வது ஸ்குவாட்ரன் உருவானது. ஜூன் தொடக்கத்தில் போருக்குத் தயாராக இருந்தவை ஐந்தே விமானங்கள்.

ஜூன் 3-4 இரவு. ஸ்குவாட்ரன் லீடர் ஜெஃப்ரிசன் கிரெஸ்வெல்லின் வெலிங்டன் ரேடாரில் ஒரு தொடர்பைப் பிடித்தது. ஒரு மைல் நெருங்கியதும் விளக்கு எரிந்தது. ஒளிக்கற்றை நீர்மூழ்கிக்கு அப்பால் போய் விழுந்தது. வளிமண்டல அழுத்தம் கணித்தபடி இல்லாததால் உயரமானி தவறாகக் காட்டியிருக்கிறது, விமானம் நினைத்ததை விட உயரத்தில் பறந்திருக்கிறது. வாய்ப்பு போய்விட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். கீழே இருந்தது இத்தாலிய நீர்மூழ்கி லூயிஜி தொரெல்லி. தலைக்கு மேல் போனது ஜெர்மன் விமானம் என்று நினைத்து அவர்கள் அடையாள வெளிச்சக் குண்டுகளைச் சுட்டார்கள். கிரெஸ்வெல் அந்த வெளிச்சத்தை நோக்கித் திரும்பினார், உயரத்தைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்து ஆழ்நீர்க் குண்டுகளை நீர்மூழ்கியின் மீது குறுக்காகப் போட்டார். தொரெல்லி மூழ்கவில்லை. ஆனால் நன்றாக அடிபட்டு ஸ்பெயின் கரையில் ஒதுங்கியது.

ஜூலை 5-6 இரவு, லீ விளக்கால் முதல் நீர்மூழ்கி அழிந்தது. அமெரிக்கரான வைலி ஹவல் ஓட்டிய 172-வது ஸ்குவாட்ரன் வெலிங்டன், கரீபியனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யு-502-ஐ அழித்தது. அதில் இருந்த 52 பேரும் இறந்தார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு நாள் தூரத்தில் இருந்தவர்கள். பொறியியல் வெற்றி என்று எழுதும் கையோடு இதையும் எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

இனி ஐந்தாவது அளவுகோலுக்கு வருவோம். ஐந்து விமானங்கள் ஒரு மாதம் பறந்து மூழ்கடித்தது ஒன்றைத்தான். ஆனால் ஜூலை நடுவில் ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் பழக்கத்தையே தலைகீழாக மாற்ற உத்தரவிட்டார்: இரவில் அடியில் இருங்கள், பேட்டரியைப் பகலில் சார்ஜ் செய்யுங்கள். பகலில் என்றால் வரும் விமானம் கண்ணுக்குத் தெரியும், இரவில் எங்கிருந்தென்று தெரியாமல் விளக்கு வந்து விழுகிறது. விளைவு என்ன? விளக்கு இல்லாத சாதாரணப் பகல் ரோந்து விமானங்களுக்கும் இலக்கு கிடைக்கத் தொடங்கியது. ஐந்து விமானங்களால் மொத்தப் படையின் பழக்கமே மாறியது.

மறைமுகச் செலவும் உண்டு. விளக்காளருக்காக முன்பக்கத் துப்பாக்கிக் கூண்டை எடுத்துவிட்டார்கள். எரியும் விளக்கு, நீர்மூழ்கியின் துப்பாக்கிக்காரர் கண்ணைக் கூச வைத்தாலும், எங்கே சுட வேண்டும் என்று காட்டியும் கொடுத்தது. இருட்டில், நூறு அடி உயரத்தில், ஏமாற்றும் உயரமானியோடு பறப்பதே உயிரைப் பணயம் வைப்பதுதான். நம்பகமான ரேடியோ உயரமானி வந்த பிறகே அந்த ஆபத்து குறைந்தது.

## இரண்டாவது முடிவு: 1.7 மீட்டரா, 10 சென்டிமீட்டரா?

வெளிச்சம் எது என்பது தீர்ந்தது. இனி அந்த இடம் வரை கூட்டிப் போகும் ரேடார்.

மார்க் 2-ஐ இயக்குபவர் பார்த்தது வரைபடம் அல்ல. சிறிய திரையில் நேர்க்கோடு ஒன்று, அதன் இருபுறமும் முளைக்கும் மேடுகள். இடப்பக்க மேடு பெரிதாக இருந்தால் இலக்கு இடப்பக்கம், வலப்பக்கம் பெரிதாக இருந்தால் வலப்பக்கம். இரண்டும் சமமாகும் வரை விமானியிடம் "இடது, இன்னும் இடது" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்கில் அதையே உற்றுப் பார்த்தால் எவர் கண்ணும் சோர்ந்துவிடும். வெலிங்டனின் முதுகில் முள்போல் நின்ற ஆண்டெனாக்களும் இறக்கைக்கு அடியில் தொங்கியவையும் வேகத்தைக் குறைத்தன.

அதன் பெரும் நன்மை, கையில் இருந்தது என்பதுதான். 1937 செப்டம்பரிலேயே எட்வர்ட் போவன் குழுவினர் ஆன்சன் விமானத்தில் சோதனைக் கருவியை வைத்து, மற்ற விமானங்கள் பறக்க முடியாத மோசமான வானிலையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைக் கடலில் கண்டுபிடித்துக் காட்டியிருந்தார்கள். அந்த வழியில் வளர்ந்த கருவிதான் மார்க் 2.

அதன் பலவீனம் எதிரியின் காது. 1942 இலையுதிர் காலத்தில் யு-போட்களில் மெடாக்ஸ் என்ற ரிசீவர் வந்தது. பாரிஸ் நிறுவனம் ஒன்று தயாரித்த கருவி. கூடவே மரத்தில் கம்பி கட்டிய சிலுவை வடிவ ஆண்டெனா, அதற்கு பிஸ்கே சிலுவை என்றே பெயர். மேலே வந்ததும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்திக் கையால் சுற்ற வேண்டும், முங்குமுன் கழற்றி உள்ளே கொண்டுவர வேண்டும். பார்க்க எளிய ஏற்பாடு. ஆனால் ரேடார் நீர்மூழ்கியைப் பார்ப்பதற்கு முன்பே நீர்மூழ்கி ரேடாரைக் கேட்டுவிடும். அலை போய்த் திரும்பி வந்தால்தான் விமானத்துக்குத் தெரியும், ஒருவழி வந்தாலே நீர்மூழ்கிக்குத் தெரியும். லீ விளக்கு விமானங்கள் போய்ச் சேரும்போது கடல் வெறுமையாக இருந்தது.

பத்து சென்டிமீட்டர் ரேடார் இந்தக் கணக்கை உடைத்தது. 1940-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் செய்த, குறுகிய அலைகளை வலுவாக உருவாக்கும் மேக்னெட்ரான் அதன் இதயம். அலை குறுகியதால் ரேடார் அலைக்கற்றை மெலிந்தது, கடல் குப்பை குறைந்தது, இலக்கை இன்னும் அருகில் வரை பிடித்து வைக்க முடிந்தது. திரையில் வரைபடம் போல் சுற்றிலும் உள்ளதெல்லாம் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேல், மெடாக்ஸால் அதைக் கேட்கவே முடியாது.

அதன் விலை வேறொரு மேசையில் இருந்தது. அதே மேக்னெட்ரான் கருவியை நகரங்கள் மீது குண்டு போடும் விமானங்களுக்கு எச்டூஎஸ் என்ற பெயரில் கேட்டார்கள். பெர்னார்ட் லவெல் குழுவினர் எச்டூஎஸ்ஸை மாற்றித்தான் கடலுக்கான ஏ.எஸ்.வி. மார்க் 3-ஐச் செய்தார்கள். இரண்டுக்கும் ஒரே உதிரிபாகங்கள், ஒரே தொழிற்சாலைகள், போதாத எண்ணிக்கை. யாருக்கு முதலில் என்று 1942 கடைசி வரை கடும் இழுபறி.

இந்த இடத்தில் என் கருத்து உறுதியானது: கடலுக்கே முதலில் கொடுத்திருக்க வேண்டும். மேக்னெட்ரான் கெட்டியான செம்புக் கட்டி, விமானம் நொறுங்கினாலும் அது பிழைக்கும். ஜெர்மனி மீது பறக்கும் விமானம் விழுந்தால் ரகசியம் எதிரி கையில் போகும், பிஸ்கேயில் விழுந்தால் கடலுக்கு அடியில் போகும். நடந்தது என்ன? 1943 ஜனவரி 30-31 இரவு எச்டூஎஸ் முதன்முதலாக ஹாம்பர்க் மீது போனது. பிப்ரவரி 2-3 இரவிலேயே அதைச் சுமந்த ஸ்டர்லிங் விமானம் ராட்டர்டாம் அருகே விழுந்தது. சிவெனரிலிருந்து மார்க் 3 பொருத்திய வெலிங்டன் முதல் ரோந்து கிளம்பியது மார்ச் 1 அன்றுதான். கடல் ரேடார் வேலையைத் தொடங்குமுன்பே அதன் ரகசியம் எதிரியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தது.

ஜெர்மானியர்கள் அதை உடனே நீர்மூழ்கிகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளாதது பிரிட்டனின் நல்ல நேரம். பத்து சென்டிமீட்டரைக் கேட்கும் நாக்ஸாஸ் ரிசீவர் யு-போட்களுக்கு 1943 இலையுதிர் காலத்தில்தான் வந்தது. நடுவில் ஒரு திசைதிருப்பலும் நடந்தது. பிடிபட்ட பிரிட்டிஷ் விமானி ஒருவர், மெடாக்ஸ் தானே கசியவிடும் அலையைப் பிடித்துத்தான் விமானங்கள் வருகின்றன என்று விசாரணையில் சொல்லிவைத்தார். மெடாக்ஸ் உண்மையிலேயே அலையைக் கசியவிட்டதால் ஜெர்மன் தரப்பு அதை நம்பியது, அந்தக் கோடையில் மெடாக்ஸைப் பயன்படுத்தவே தடை போட்டது.

## ஒரே பார்வையில்

| வழி | கடைசி மைலில் | எதிரிக்கு எச்சரிக்கை | விமானம் விட்டுக்கொடுப்பது | ஏற்ற சூழல் |
|---|---|---|---|---|
| ரேடார் + நிலவு | நிலா இருந்தால் மிக நன்று | ரேடார் அலை மட்டும் | எதுவும் இல்லை | தெளிந்த நிலா இரவு |
| வெளிச்சக் குண்டு | தாமதம், கண் கூச்சம் | போதிய நேரம் கிடைக்கும் | மிகக் குறைவு | குறுகிய நீரிணை, மெதுவான விமானம் |
| டர்பின்லைட் | கூச்சம், திருப்ப முடியாது | விளக்கு எரியும்போது | குண்டு, தூரம், துணை விமானம் | கடலில் எதுவும் இல்லை |
| லீ விளக்கு + 1.7 மீ | நன்று | மெடாக்ஸ் வரும் வரை இல்லை | முன் துப்பாக்கி | 1942 கோடை |
| லீ விளக்கு + 10 செ.மீ. | மிக நன்று | நாக்ஸாஸ் வரும் வரை இல்லை | முன் துப்பாக்கி, அரிய கருவி | 1943 வசந்தம் முதல் |

## எந்தக் காலத்தில் நின்று முடிவெடுக்கிறீர்கள்?

1941 நடுவில் நிற்கிறீர்கள் என்றால், டர்பின்லைட் பக்கமே போகாமல் லீ விளக்குக்கு அந்தச் சில மாதங்களைத் திருப்பிக் கொடுங்கள். வரலாற்றில் நடந்ததை விட முன்னதாகவே விரிகுடா இரவில் பாதுகாப்பில்லாத இடமாகும்.

1942 ஜூனில் நின்றால் சிலர் இப்படி வாதிடுவார்கள்: இருப்பதோ ஐந்து விமானம், ரகசியத்தை இப்போதே வெளிப்படுத்தினால் எதிரி மாற்று கண்டுபிடிப்பான், பத்து சென்டிமீட்டர் வரும் வரை காத்திருந்து மொத்தமாக அடிக்கலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நான் ஏற்கமாட்டேன். எதிரி கண்டுபிடித்த மாற்று பழைய அலைநீளத்துக்குத்தான். அவர்கள் மெடாக்ஸை நம்பி இரவில் மறுபடி மேலே வரப் பழகியதால்தான், 1943 மார்ச்சில் அது மௌனமாக இருக்க, விளக்கு வந்து விழுந்தபோது அதிர்ச்சி இரட்டிப்பானது. முதல் கருவியைப் பயன்படுத்தியதால் இரண்டாவது கருவியின் மதிப்பு கூடியது.

1943 வசந்தத்தில் தேர்வே இல்லை, லீ விளக்கும் பத்து சென்டிமீட்டரும்தான். ஆனால் கூடவே பகல் ரோந்துக்கும் விமானம் வையுங்கள். இரவில் மிரண்ட நீர்மூழ்கிகளுக்கு டோனிட்ஸ் கொடுத்த புதிய உத்தரவு, பகலில் மேலே வந்து விமானத்தோடு துப்பாக்கியால் சண்டை போடுங்கள் என்பது. அந்தச் சண்டையில் விமானங்களும் விழுந்தன, நீர்மூழ்கிகளும் மூழ்கின. எல்லாக் கடல்களிலும் சேர்த்து 1943 மே மாதம் மட்டும் 41 யு-போட்கள் அழிந்தன. மே 24 அன்று வடக்கு அட்லாண்டிக்கிலிருந்து அவற்றை டோனிட்ஸ் பின்வாங்கச் சொன்னார். அதில் விரிகுடாவை விடக் கப்பல் கூட்டங்களைச் சுற்றி நடந்த காவலுக்கே பங்கு அதிகம். இரவு வேட்டைக்கு முழுப் பெருமையையும் கொடுத்துவிட வேண்டாம்.

1944 நடுப்பகுதி என்றால் இந்த அட்டவணையை ஒதுக்கி வையுங்கள். அப்போது ஸ்னார்கல் வந்துவிட்டது. மூச்சுக்குழாய் ஒன்றை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி, அடியில் இருந்தபடியே டீசல் இன்ஜினை ஓட்டி பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாம். பத்து சென்டிமீட்டர் ரேடாருக்கு அந்தக் குழாயின் தலை அலைகளுக்கு நடுவே அரிதாகத்தான் தெரிந்தது, விளக்குக்கோ காட்ட எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காலத்தில் நிற்பவர் ஒப்பிட வேண்டியவை இன்னும் குறுகிய மூன்று சென்டிமீட்டர் ரேடாரும், கடலில் மிதக்கவிட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்கும் ஒலி மிதவைகளும்தான்.